மகதலா ஊர் மரியாள்

எங்கள் வகுப்பில் மதலேன் என்னும் பெயருடைய தோழி ஒருத்தி இருக்கிறாள். சென்ற தவக்காலத்தில் நாங்கள் ஒரு சிறு நாடகம் போட்டோம். ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்த பாவிப் பெண்ணின் வேடம் யாருக்கு என்ற பேச்சு வந்ததும், பெயர்ப் பொருத்தம் பார்த்து அவளுக்கே கொடுத்துவிட்டோம். நாடகம் முடிந்த பிறகும் கேலி முடியவில்லை. வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் எங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய், இந்தப் பெயரை எனக்கு ஏன் வைத்தீர்கள் என்று பாட்டியிடம் அழுதிருக்கிறாள். பாட்டி கடற்கரை ஊர்க்காரர்; கருவாடு விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நீ பிறந்தது ஜூலை 22; கோயில் காலண்டரில் அன்றைக்கு இந்தப் புனிதையின் பெயர் இருந்தது; உயிர்த்த ஆண்டவரை முதன்முதலாகக் கண்டவருடைய பெயரைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும் என்று பாட்டி திருப்பிக் கேட்டாராம். மறுநாள் அவள் இதை வந்து சொன்னபோது எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது. பாட்டி சொல்வது சரியா, எங்கள் நாடகம் சரியா? நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரிடம் போனோம். அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. நான்கு நற்செய்தி நூல்களையும் எடுத்து வைத்து, அந்தப் பெயர் வருகிற இடங்களை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தேடினோம். பிறகு அந்த ஊரையும் தேடினோம். இக்கட்டுரை அப்படிப் பிறந்தது.

முதலில் எங்கள் கண்ணில் பட்டது பெயரைப் பற்றிய ஒரு செய்தி. நற்செய்தியில் மரியாள் என்ற பெயர் பலருக்கு உண்டு. அந்நாளில் யூதப் பெண்களிடையே மிகுதியாக வழங்கிய பெயர் அது. ஆகவே அடையாளத்துக்காக ஒருவரை இயேசுவின் தாய் என்றும், ஒருவரை யாகப்பரின் தாய் என்றும், ஒருவரைக் குளோப்பாவின் மனைவி என்றும், இன்னொருவரை லாசரின் சகோதரி என்றும் குறிக்கிறார்கள். மகனைக் கொண்டும் கணவனைக் கொண்டும் சகோதரனைக் கொண்டுமே பெண்ணுக்கு அடையாளம். இந்த ஒரு மரியாளுக்கு மட்டும் அப்படி யாரும் சேர்க்கப்படவில்லை. அவர் பெயரோடு அவருடைய ஊர்தான் சேர்ந்திருக்கிறது. மதலேன் என்பது அவர் பெயரே அன்று! மகதலா என்ற ஊரைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள். அதனால்தான் புதிய மொழிபெயர்ப்பில் மகதலா மரியா என்று காண்கிறோம். ஆக, எங்கள் தோழி நெடுந்தொலைவில் உள்ள ஓர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஊர் எங்கே இருந்தது? கலிலேயக் கடலை நாம் அனைவரும் அறிவோம். பெயரில் கடல் என்று இருந்தாலும் அது ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் சுமார் 13 கிலோமீட்டர். யோர்தான் ஆறு வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறுகிறது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே உள்ளது. உலகில் இவ்வளவு தாழ்வான நன்னீர் ஏரி வேறு இல்லை. சுற்றிலும் மேட்டுநிலம் இருப்பதால் அங்கிருந்து காற்று திடீரென்று இறங்கி அலைகளை எழுப்பிவிடும். சீடர்கள் படகில் நடுநடுங்கிய நிகழ்ச்சியை இனிமேல் வாசிக்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

இந்த ஏரியின் மேற்குக் கரையில் ஆர்பேல் என்றொரு செங்குத்தான மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில், நீரை ஒட்டி இருந்த ஊர்தான் மகதலா. தெற்கே ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தால் ஏரோது அந்திப்பா புதிதாகக் கட்டிய திபேரியா நகரம். வடக்கே கெனசரேத்துச் சமவெளி. அதையும் தாண்டிப் போனால் இராயப்பரின் வீடு இருந்த கப்பர்நாகூம். நாசரேத்துப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து ஏரிக்கு இறங்கும் பாதை ஆர்பேல் மலையை ஒட்டிய பள்ளத்தாக்கு வழியாக வந்து இவ்வூர் அருகில்தான் முடிகிறது. நாசரேத்தை விட்டுக் கப்பர்நாகூமுக்குக் குடிபோன நம் ஆண்டவர் இந்த வழியே நடந்திருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

மகதலா என்றால் கோபுரம் என்று பொருள். யூதரின் பழைய நூல்கள் இதையே மீன் கோபுரம் என்று இன்னும் சற்று விளக்கமாகச் சொல்கின்றன. கிரேக்க மொழி பேசியவர்களோ கோபுரத்தை விட்டுவிட்டு மீனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இவ்வூருக்கு வைத்த பெயர் தரிக்கேயா. உப்பிட்டுப் பதப்படுத்திய மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. நம் வழக்கில் சொன்னால் கருவாட்டு ஊர்! இதை வாசித்தபோது நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எங்கள் தோழியைத் திரும்பிப் பார்த்தோம். இந்தத் தடவை யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. அவள்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்த ஏரி மீன் உப்பிடுவதற்கு ஏற்றது என்று ஸ்திராபோ என்ற கிரேக்கப் புவியியல் அறிஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். பிடித்த மீன் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. ஏரிக்கரை ஊர்களுக்குள் மட்டும் விற்றால் வருமானம் ஏது? குடலை நீக்கி, உப்பிட்டு, சாடியில் அடுக்கிவிட்டால் மலைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்கும் தொலைவில் உள்ள பட்டணங்களுக்கும் அனுப்பலாம். யூதர்களின் சட்டப்படி துடுப்பும் செதிலும் உள்ள மீனை மட்டுமே உண்ணலாம். ஆகவே வலையில் விழும் கெளுத்தி இனத்தைக் கழித்துவிட்டு மற்றவற்றைத்தான் உப்பிட முடியும். நம் சாளையைப் போன்ற சிறு மீன்கள் அந்த ஏரியில் திரளாகக் கிடைக்கும். உப்பிடுவதற்கு அவைதாம் மிகவும் பொருத்தம்.

தொல்லியல் அறிஞர்கள் இங்கே தோண்டியபோது கல் பாவிய தெருக்கள், கடைவரிசைகள், படகு கட்டும் துளையிட்ட கற்களோடு கூடிய துறைமுகம், வலையில் கோக்கும் ஈயக் குண்டுகள், தூண்டில் முட்கள் ஆகியவை கிடைத்தன. கடைகளை ஒட்டித் தொட்டிகள் இருக்கின்றன. அவை மீன் பதப்படுத்துவதற்கு உதவியவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒரு வீட்டின் தரையில் சிறு சிறு நிறக் கற்களைப் பதித்துச் செய்த படம் ஒன்று கிடைத்தது. பாயும் துடுப்புகளும் கொண்ட ஒரு படகு அதில் தெரிகிறது. வீட்டுத் தரையில் படகுப் படம் போட்டுக்கொண்ட அந்தக் குடும்பம் எதை நம்பி வாழ்ந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

படத்தில் மட்டுமன்று, உண்மையான படகே ஒன்று கிடைத்துவிட்டது! 1986-ம் ஆண்டின் தொடக்கத்தில், கடும் வறட்சியால் ஏரி வற்றிப் பின்வாங்கியிருந்தது. மகதலாவுக்குச் சற்று வடக்கே கினோசார் என்ற குடியிருப்பைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் ஒரு மர விளிம்பைக் கண்டார்கள். அவசரமாகத் தோண்டிப் பார்த்ததில் சுமார் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள படகு. நம் ஆண்டவரின் காலத்தை ஒட்டியது. இரண்டாயிரம் ஆண்டு நீரில் ஊறிய மரம் காற்றுப் பட்டால் உலர்ந்து நொறுங்கிவிடும். ஆகவே அதைப் பஞ்சு போன்ற ஒரு செயற்கை நுரையால் பொதிந்து, ஏரியிலேயே மிதக்கவிட்டுக் கரை சேர்த்தார்கள். பிறகு மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருள் கலந்த நீரில் பல ஆண்டுகள் ஊறவைத்துக் காப்பாற்றினார்கள். நாங்கள் மிகவும் ரசித்தது வேறொன்று. அந்தப் படகில் பத்துக்கும் மேற்பட்ட மரவகைகள் இருக்கின்றன. ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் கையில் கிடைத்த பலகையை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். புதுப் படகு வாங்க வசதியற்ற யாரோ ஒருவர், பழைய சட்டையைத் தைத்துத் தைத்துப் போடுவதைப் போல, அந்தப் படகை ஓட்டியிருக்கிறார்!

ஆனால் ஊர் முழுவதும் ஏழைகள் இல்லை. பெரிய வீடுகளும் இருந்தன. சில வீடுகளில், யூதர்கள் தூய்மைச் சடங்குக்காக இறங்கிக் குளிக்கும் கல் தொட்டிகள் கிடைத்துள்ளன. அவற்றில் நிலத்தடி ஊற்றுநீர் தானாகவே வந்து நிரம்புகிறது. இன்றும் நிரம்புகிறது என்பது வியப்பு. மகதலாவில் மீன் பிடித்தவரும் இருந்தார்கள். மீனால் செல்வம் சேர்த்தவரும் இருந்தார்கள். இந்த இரண்டாம் செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது. ஏனெனில் மரியாளை லூக்கா முதன்முதலாகக் குறிப்பிடும் இடத்திலேயே அவரிடம் கொடுப்பதற்குப் பொருள் இருந்தது என்பதும் தெரிகிறது.

லூக்கா நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் இயேசு ஊர் ஊராகச் சென்று போதிக்கிறார். உடன் செல்பவர்களில் பன்னிரு சீடர்கள் மட்டுமல்லர், பெண்களும் இருக்கிறார்கள். முதற்பெயர் மகதலா மரியாள். அடுத்து யோவன்னா, இவர் ஏரோதின் அரண்மனை அதிகாரி கூசா என்பவரின் மனைவி. பிறகு சூசன்னா. இன்னும் பலர். இவர்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் பணிவிடை செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு நடந்தார்களே, சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று நாங்கள் இதுவரை யோசித்ததே இல்லை. இராயப்பர் வலையை விட்டுவிட்டார். மத்தேயு சுங்கச் சாவடியை விட்டுவிட்டார். அவர்களுக்கு அப்பம் வாங்கியவர்களில் மரியாளும் ஒருவர்.

அவரிடமிருந்து ஏழு பேய்கள் ஓட்டப்பட்டன என்றும் அதே இடத்தில் உள்ளது. எங்கள் கேலிக்கெல்லாம் வேர் இதுதான். ஆனால் கவனமாக வாசித்தோம். பேய் பிடித்தவர்களை நற்செய்தி துன்புறுகிறவர்களாகவே காட்டுகிறது. குணமாக்க வேண்டியவர்களாகவே காட்டுகிறது. வாய் பேசாத சிறுவனுக்கும் கல்லறைகளில் அலைந்தவனுக்கும் அதே துன்பம்தான். ஏழு என்பது விவிலிய வழக்கில் நிறைவைக் குறிக்கும் எண். மிகக் கொடிய துன்பத்தில் கிடந்து, முற்றிலும் நலம் பெற்றவர் என்பதே இதன் பொருள். பாவி என்றோ ஒழுக்கம் கெட்டவர் என்றோ ஒரு சொல்கூட நான்கு நற்செய்திகளிலும் அவரைப் பற்றி இல்லை. நான்கையும் இருமுறை பார்த்தோம். இல்லவே இல்லை.

நோய் நீங்கியவர் வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ கலிலேயாவை விட்டு எருசலேம்வரை பின்தொடர்ந்தார். அது நாட்கணக்கான நடைப்பயணம். அங்கே ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தபோது பெரும்பாலான சீடர்கள் ஓடிவிட்டார்கள். மரியாள் நின்றார். நான்கு நற்செய்தியாளரும் ஒவ்வொரு செய்தியை ஒவ்வொரு விதமாகச் சொன்னாலும், கலிலேயப் பெண்கள் அங்கே நின்றதை நால்வருமே எழுதுகிறார்கள். மூவர் மகதலா மரியாளின் பெயரையும் குறிப்பிடுகிறார்கள். உடலை எந்தக் கல்லறையில் வைத்தார்கள் என்று அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை மத்தேயுவும் மாற்கும் சொல்கிறார்கள். இடம் தெரியாமல் போய்விடக் கூடாதே!

பிறகு அந்த ஞாயிறு காலை. அருளப்பர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இருட்டு விலகுவதற்கு முன்பே மரியாள் போகிறார். கல் புரட்டப்பட்டிருக்கிறது. ஓடிப்போய் இராயப்பருக்கும் மற்றச் சீடருக்கும் சொல்கிறார். அவர்கள் ஓடி வந்து பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவர் மட்டும் போகாமல் நின்று அழுகிறார். எதிரில் நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார். உடலை நீர் எடுத்துச் சென்றிருந்தால் இடத்தைச் சொல்லும், நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு ஆண்மகனின் உடலைத் தனியாக எப்படித் தூக்குவார்? அதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அப்போது அவர் தம் பெயரைச் சொல்லி அழைக்கப்படுகிறார். ஒரே ஒரு சொல், மரியா என்று. உடனே தெரிந்துவிடுகிறது. தம்மைப் பற்றிக்கொண்டிராமல், சகோதரர்களிடம் போய்ச் சொல்லும்படி ஆண்டவர் அவரை அனுப்புகிறார்.

அவர் போய்ச் சொன்னார். நம்பினார்களா? பெண்கள் சொன்னது வெறும் பிதற்றலாகத் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். அந்நாளில் பெண்ணின் சாட்சியம் ஏற்கத்தக்கது அன்று என்று யோசேபுஸ் என்னும் யூத வரலாற்று ஆசிரியர் குறித்திருக்கிறார். அப்படிப்பட்ட காலத்தில் இவ்வளவு பெரிய செய்தியை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தது எங்களை வெகுநேரம் யோசிக்கவைத்தது. அனுப்பப்பட்டவர் என்பதே அப்போஸ்தலர் என்ற சொல்லின் பொருள். அதனால் திருச்சபை பிற்காலத்தில் இவருக்கு அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர் என்ற பட்டத்தைச் சூட்டியது.

இதன் பிறகு விவிலியத்தில் அவர் பெயர் வரவில்லை. பாயும் துடுப்பும் இல்லாத படகில் பிரான்சு நாட்டுக் கரைக்கு வந்து குகையில் தவம் செய்தார் என்று மேற்கே ஒரு கதை. எபேசு நகரில் இறந்தார் என்று கிழக்கே ஒரு கதை. அவை பக்தியில் எழுந்தவை. நாம் மீண்டும் அவருடைய ஊருக்குப் போவோம்.

ஊரின் முடிவு துயரமானது. முன்பே ஒருமுறை உரோமையர் அதைச் சூறையாடியிருந்தனர். அவர்களுடைய தளபதி காசியுஸ். ஆம், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சீசரைக் குத்திய அதே காசியுஸ்தான்! கி.பி. 66-ல் யூதர்கள் உரோமைக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கலிலேயாவில் அவர்களுக்குத் தளபதியாக இருந்தவர் மேலே சொன்ன யோசேபுஸே. இவ்வூருக்கு மதில் எழுப்பியவரும் அவரே. ஊரில் 230 படகுகளைத் திரட்டியதாக அவர் எழுதுகிறார். கி.பி. 67-ல் வெஸ்பாசியானும் அவர் மகன் தீத்துஸும் படையோடு வந்தார்கள். ஏரிப் பக்கத்தில் மதில் இல்லை. தீத்துஸ் குதிரைகளைத் தண்ணீரில் இறக்கி அந்தப் பக்கமாக உள்ளே புகுந்துவிட்டார். தப்பியவர்கள் மீன்பிடி படகுகளில் ஏரிக்குள் போனார்கள். உரோமையர் மரத் தெப்பங்கள் கட்டிக்கொண்டு துரத்தினார்கள். போரில் இறந்தவர் ஆறாயிரத்துக்கும் மேல் என்றும், ஏரி சிவந்து பல நாள் நாற்றமெடுத்தது என்றும் யோசேபுஸ் சொல்கிறார். வலிமையுள்ள இளைஞர் ஆறாயிரம் பேரைக் கால்வாய் தோண்டக் கிரேக்க நாட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பேரை அடிமைகளாக விற்றார்கள். மரியாள் அப்போது உயிரோடு இருந்திருந்தால் முதியவராக இருந்திருப்பார். அவருடைய அண்டை வீட்டார், அவர் சிறுமியாக இருந்தபோது உடன் விளையாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் படகுகளில் இருந்திருப்பார்கள்.

ஊர் சிறுத்துப்போனாலும் பெயர் அழியவில்லை. 6-ம் நூற்றாண்டிலும் 8-ம் நூற்றாண்டிலும் யாத்திரிகர்கள் அங்கே சென்று, மரியாளின் ஊர் என்று குறித்துவைத்தார்கள். மெஜ்தல் என்ற பெயரில் 1948 வரை அங்கே ஓர் அரபுச் சிற்றூர் இருந்தது.

அதற்கிடையில் ஊரைவிட்டுத் தனியே பிரிந்த மரியாளின் பெயருக்கு என்ன நேர்ந்தது? 591-ம் ஆண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஒரு மறையுரை நிகழ்த்தினார். லூக்கா ஏழாம் அதிகாரத்தில் பெயர் சொல்லப்படாத பாவிப் பெண் ஒருத்தி வருகிறாள். எங்கள் நாடகப் பெண் அவள்தான். பெத்தானியா ஊரில் லாசரின் சகோதரி மரியாளும் ஆண்டவரின் பாதங்களில் தைலம் பூசிக் கூந்தலால் துடைத்தார் என்று அருளப்பர் எழுதுகிறார். இவ்விருவரும் மகதலா மரியாளும் ஒருவரே என்று அந்த மறையுரையில் பாப்பரசர் விளக்கினார். பஞ்சமும் கொள்ளைநோயும் உரோமை நகரை வாட்டிய காலம். எவ்வளவு பெரிய பாவிக்கும் நம்பிக்கை உண்டு என்று மக்களுக்குக் காட்டுவது அவருடைய நோக்கம். அதில் குறை சொல்ல முடியாது. அதனால் ஆறுதல் அடைந்தவர்களும் கோடிக்கணக்கானோர் இருப்பார்கள். கீழைத் திருச்சபைகளோ மூவரையும் மூவராகவே கொண்டாடிவந்தன. மேற்கே ஓவியர்கள் கலைந்த கூந்தலோடும் அழுத கண்ணோடும் அவரை வரையத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அழுமூஞ்சித்தனத்தைக் குறிக்கும் மாட்லின் என்ற சொல் இவர் பெயரிலிருந்தே பிறந்தது என்று எங்கள் அகராதியில் கண்டோம். அண்மைக்கால நாவலாசிரியர்களோ இன்னும் ஒருபடி மேலே போய் இல்லாத கல்யாணத்தையும் செய்துவைத்துவிட்டார்கள்!

எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. மூன்று பெண்களை ஒருத்தியாக்கியதில் நட்டம் மகதலா மரியாளுக்கு மட்டுமன்று. பெத்தானியா மரியாள் தம் வீட்டை இழந்தார். மன்னிப்புப் பெற்ற அந்தப் பெயர் தெரியாத பெண்ணோ தன் கதையையே இழந்தாள்.

திருத்தம் வந்தது 1969-ல். புதுப்பிக்கப்பட்ட திருவழிபாட்டு நாட்காட்டியில், ஜூலை 22 என்பது உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகதலா மரியாளின் நாள் மட்டுமே என்று தெளிவாக்கினார்கள். அதுவரை அன்றைய திருப்பலியில் பாவிப் பெண்ணைப் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டது. அதை மாற்றி, அருளப்பரின் அந்த ஞாயிறு காலைப் பகுதியை வைத்தார்கள். 2016-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் விருப்பப்படி அந்த நாள் நினைவுநாள் என்ற நிலையிலிருந்து விழாவாக உயர்த்தப்பட்டது. அப்போஸ்தலர்களின் நாட்களுக்கு உள்ள அதே நிலை. இது நடந்தும் எங்கள் நாடகம் 591-லேயே நின்றுகொண்டிருந்தது!

ஏட்டில் திருத்தம் வந்த இரண்டே ஆண்டுகளில் மண்ணும் திறக்கத் தொடங்கியது. 1971 முதல் பிரான்சிஸ்கன் குருக்களான கோர்போ, லொஃப்ரேதா ஆகியோர் மகதலாவில் அகழாய்வு செய்தார்கள். படகுப் படம் கிடைத்தது அந்த ஆண்டுகளில்தான். ஆனால் பெரிய வியப்பு 2009-ல் காத்திருந்தது. பக்கத்து நிலத்தில் யாத்திரிகர் விடுதி ஒன்று கட்ட ஒரு துறவற சபையார் இடம் வாங்கியிருந்தனர். கட்டடத்துக்கு முன் நிலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தீனா அவ்ஷலோம் கோர்னி என்ற பெண் தொல்லியலாரும் அர்ஃபான் நஜ்ஜார் என்பவரும் தோண்டினார்கள். அரை மீட்டர் ஆழம்கூடப் போகவில்லை. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யூதத் தொழுகைக்கூடம் தென்பட்டது! ஏறத்தாழ 120 சதுர மீட்டர். சுவரை ஒட்டிக் கல் இருக்கைகள், வண்ணம் பூசிய தூண்கள், கற்பதித்த தரை. அங்கே கிடைத்த நாணயம் ஒன்று கி.பி. 29-ல் திபேரியாவில் அச்சிட்டது. மரியாள் ஆண்டவரோடு ஊர் ஊராக நடந்த அதே ஆண்டுகள்! கலிலேயா முழுவதும் தொழுகைக்கூடங்களில் அவர் போதித்தார் என்று நற்செய்தி சொல்கிறது. இவ்வூரின் தொழுகைக்கூடம் அந்நாளில் நின்றுகொண்டிருந்தது என்று மண் சொல்கிறது.

கூடத்தின் நடுவில், ஒரு சிறு மேசை அளவான செதுக்கிய கல் கிடந்தது. அதன் ஒரு முகத்தில் எருசலேம் கோவிலின் ஏழுகிளை விளக்கு. கி.பி. 70-ல் இடிக்கப்பட்ட அந்தக் கோவில் இன்னும் நின்றுகொண்டிருந்தபோதே செதுக்கியது. கோவிலையும் விளக்கையும் அறிந்தவர் காலத்துக் கை! மெக்சிகோ நாட்டின் மார்சேலா ஸப்பாத்தா என்ற அம்மையார் 2010 முதல் இங்கே அகழாய்வை நடத்தியிருக்கிறார். 2021-ல் அதே ஊரில் இரண்டாவது தொழுகைக்கூடம் ஒன்றும் வெளிவந்தது. ஒரு பெண்ணின் ஊரைத் தோண்டி எடுத்தவர்களில் இத்தனை பெண்கள் இருப்பதைக் கண்டு, பெரியவளானதும் தொல்லியல் படிக்கப்போகிறோம் என்று எங்களில் மூன்று பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெயிலில் நிற்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்ன பிறகும் இருவர் உறுதியாக இருக்கிறார்கள்.

அகழாய்வுத் தளத்தை ஒட்டி 2014-ல் கோயில் ஒன்று திறக்கப்பட்டது. பீடமே படகு வடிவில் இருக்கிறது. அதன் பின்னால் சன்னல் வழியே ஏரி தெரியும். முகமண்டபத்தில் எட்டுத் தூண்கள். ஏழில் நற்செய்தியில் வரும் பெண்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. எட்டாவது தூணில் பெயர் எதுவும் இல்லை. எல்லாக் காலத்திலும் விசுவாசத்தில் நிலைத்த பெண்களுக்காக அது விடப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் தேடி முடித்தபின் நாங்கள் சிலர் தோழியின் வீட்டுக்குப் போனோம். கேலி செய்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பாட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கருவாட்டு ஊர் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். என்ன மீன் என்று கேட்டார். சாளை மாதிரி என்றோம். அப்படியானால் படகு கரைக்கு வந்தவுடனே உப்புப் போட்டாக வேண்டும், சாளை விடியும்வரை காத்திருக்காது, அந்த ஊர்ப் பெண்கள் இருட்டிலேயே எழுந்து பழகியவர்களாகத்தான் இருப்பார்கள் என்றார். பிறகு, கல்லறைக்கு அவர் எந்த நேரத்தில் போனார் என்று கேட்டார். விடிவதற்கு முன்பு என்று மதலேன் சொன்னாள். பாட்டி தலையை ஆட்டிவிட்டு, எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார்.